ஆவாரையா, பொன்னாவாரையா, தகரையா? பூவைப் பார்ப்பதற்கு முன் இலைக்காம்பைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ஊர்த் தரிசிலும் ஓடைக்கரையிலும் மஞ்சள் பூப் பூக்கும் குத்துச்செடிகள் நாலைந்து வகை சேர்ந்தே நிற்கின்றன. ஆவாரம்பூ பறித்துக் காயவைக்க வேண்டும். எது ஆவாரை, எது பொன்னாவாரை, எது தகரை, எது நிலாவாரை என்று பூவையும் இலையையும் வைத்து எப்படி உறுதிப்படுத்துவது?

பூவின் நிறத்தையும் ஐந்து இதழ்களையும் மட்டும் வைத்து உறுதிப்படுத்த முடியாது. இவை எல்லாமே சென்னா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, எல்லாவற்றுக்கும் பூ மஞ்சள்தான். நம்பிப் பார்க்க வேண்டிய இடம் இலைக்காம்பு. அதில் கடுகளவுகூட இல்லாத ஒரு சுரப்பி இருக்கும். அது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதுதான் முதல் அடையாளம். அடுத்தது காம்பு கொப்பில் ஒட்டும் இடத்தில் உள்ள இலையடிச் செதில், பிறகு காய். பூவைக் கடைசியாக ஒத்துப்பார்த்தால் போதும்.

முதலில், கையில் இருப்பது இந்தக் கூட்டத்துச் செடிதானா என்று பாருங்கள். இலை கூட்டிலையாக இருக்கும். சிற்றிலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், நுனியிலும் ஜோடியாகவே முடியும். நுனியில் ஒற்றைச் சிற்றிலை நீட்டிக்கொண்டிருந்தால் அது கொழிஞ்சியாகவோ சாய அவுரியாகவோ இருக்கலாம், இந்தக் கூட்டம் இல்லை. பூ அவரைப்பூ வடிவில் இருக்காது. ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிந்திருக்கும், நடுவில் மகரந்தத்தாள்கள் நீளமும் குட்டையுமாகத் தெரியும். சரக்கொன்றை பக்கத்துச் சொந்தம்தான். அதில் கீழே உள்ள மூன்று மகரந்தத்தாள்கள் நீண்டு நன்றாக வளைந்து மேலெழும், பூங்கொத்து தொங்கும். சென்னாவில் அப்படி வளைந்த தாள் இல்லை. இந்த வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துத்தான் 1982-இல் இர்வின், பார்னபி என்ற தாவரவியலாளர்கள் பழைய கேசியா பேரினத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அதனால் பழைய நூலில் கேசியா ஆரிக்குலேட்டா என்று இருப்பதும் இன்றைய சென்னா ஆரிக்குலேட்டாவும் ஒரே ஆவாரைதான்.

சுரப்பியைப் பார்க்கும் முறை: கொப்பின் நடுப்பகுதியில், முழுதாக விரிந்த, ஆனால் முற்றிப் பழுக்காத இலையைக் காம்போடு கிள்ளுங்கள். மேற்பக்கம் உங்களைப் பார்க்கட்டும். காம்பு கொப்பை விட்டுப் பிரிந்த இடத்திலிருந்து நுனிவரை கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். சுரப்பி இருக்கும் இடத்தில் நகம் தட்டும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பாகத் தெரியும், 10 மடங்கு லென்ஸ் இருந்தால் வடிவமும் தெரியும். அந்தச் சுரப்பியில் தேன் கசிவதால் எறும்பு வந்து நிற்கும், எறும்பு நிற்கும் இடத்தைப் பார்த்தே பல தடவை கண்டுபிடித்துவிடலாம். முற்றிய இலையிலும் காய்ந்த இலையிலும் சுரப்பி சுருங்கிக் கறுத்து, சில சமயம் உதிர்ந்தும் விடுவதால், "சுரப்பி இல்லை" என்ற முடிவை ஒரே இலையை வைத்து எடுக்காதீர்கள். மூன்று நான்கு இலைகளையாவது பாருங்கள்.

ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவே மெலிந்து நிமிர்ந்த ஒரு சுரப்பி இருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி இலை என்றால், அடியிலிருந்து நுனிவரை வரிசையாகத் தட்டுப்படும். அக்கம்பக்கத்தில் நிற்கும் மற்ற மஞ்சள் பூச்செடிகளில் இப்படி அடி முதல் நுனி வரை வருவதில்லை. சிற்றிலை நீள்வட்டமாக, இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில், இரு முனையும் மழுங்கி, நுனியில் மட்டும் சிறு முள்போன்ற கூர் வைத்திருக்கும். கசக்கினால் குமட்டும் நாற்றம் வராது.

இன்னும் உறுதியான அடையாளம் இலையடிச் செதில். கொப்பில் இலைக்காம்பு ஒட்டும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே இரண்டு பக்கமும் காதுமடல் வடிவில், இலைபோலவே பச்சையாக, அகன்ற செதில்கள் இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமானவை சாதாரணமாகக் கிடைக்கும். செதிலின் அடிமுனை மெல்லிய நூலாக நீண்டிருக்கும். மற்றச் செடிகளில் இந்தச் செதில் ஊசியாகவோ சிறு பட்டையாகவோ வந்து சீக்கிரம் விழுந்துவிடும், ஆவாரையில் இலை இருக்கும்வரை தங்கும். பூ இல்லாத காலத்தில்கூட இந்த ஒன்றை வைத்தே ஆவாரையைச் சொல்லிவிடலாம். வெட்டியபின் துளிர்த்த கொப்பிலும் கன்றுச் செடியிலும் சிற்றிலை எண்ணிக்கை குறைவாக இருக்கும். அப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டுச் செதிலை நம்புங்கள்.

இப்போது பூ. ஆவாரம்பூ நன்றாக விரிந்தால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலம், தரிசில் கூட நிற்கும் பொன்னாவாரை, தகரைப் பூக்களைவிடக் கணிசமாகப் பெரிது. இதழின் ஓரம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், பளீர் மஞ்சளில் ஆரஞ்சு நிற நரம்பு ஓடும். கொப்பின் நுனியில் மொட்டும் பூவுமாகக் கூடி, தட்டையான கொத்தாக நிற்கும். பத்து மகரந்தத்தாள்களில் மேலே உள்ள மூன்று சிறுத்து மலடாக இருக்கும், கீழே உள்ள மூன்று பெரிதாக நீண்டிருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பை நெடுக்காகப் பிளக்காமல் நுனித் துளை வழியாகத்தான் தூளை விடும். கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போது தூள் தெறிக்கும். பூவைப் பார்ப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு பூவில் சூல்தண்டு இடப்பக்கம் வளைந்திருக்கும், இன்னொன்றில் வலப்பக்கம். இது இரண்டு வகைச் செடி என்பதற்கான அடையாளம் அல்ல. ஒரே செடியிலேயே இரண்டும் பூக்கும். சென்னா பேரினத்தின் பொதுக்குணம் அது.

ஆவாரங்காய் தட்டையானது, காகிதம்போல் மெலிந்தது. ஏழு முதல் பதினொரு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். விதைக்கும் விதைக்கும் நடுவே குறுக்குப் பள்ளம் தெரியும். முற்றினால் வெளிர் பழுப்பாகிச் செடியிலேயே சலசலக்கும்.

அடுத்தது பொன்னாவாரை. இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். இந்தப் பெயரை ஒரு வட்டாரத்தில் சென்னா ஆக்சிடென்டாலிசுக்கும் வேறொரு வட்டாரத்தில் சென்னா சோபெராவுக்கும் சொல்கிறார்கள், முதல் செடிக்குப் பேயாவாரை என்றும் பெயர் உண்டு. பெயரை நம்பி எதையும் முடிவு செய்யாமல் செடியைப் பாருங்கள்.

ஆக்சிடென்டாலிசில் சிற்றிலை நான்கு முதல் ஆறு ஜோடிதான். ஒவ்வொன்றும் பெரிது, அடி அகன்று நுனி நீண்டு கூராக இருக்கும். ஆவாரை இலையின் மழுங்கிய நுனியோடு பக்கத்தில் வைத்தால் தொலைவிலிருந்தே வேறுபாடு தெரியும். சுரப்பி ஒன்றே ஒன்று. அது சிற்றிலைகளுக்கு நடுவே இருக்காது, காம்பின் அடியில், கொப்பை ஒட்டிப் பருத்திருக்கும் இடத்திலேயே குமிழாகக் கருநிறத்தில் உட்கார்ந்திருக்கும். இலையைக் காம்புக்கு மேலே கிள்ளினால் சுரப்பி கொப்பிலேயே தங்கிவிடும், அதனால்தான் அடியோடு கிள்ளச் சொன்னேன். இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். பூ சிறிது, இலைக்கக்கத்தில் இரண்டு நான்காக வரும். காய் எட்டு முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலம். இலேசாக மேல்நோக்கி வளைந்து நிமிர்ந்து நிற்கும். முற்றும்போது நடுவில் பழுப்பும் இரு ஓரத்தில் வெளிறிய கரையும் தெளிவாகத் தெரியும்.

சோபெராவில் சிற்றிலை ஆறு முதல் பத்து ஜோடி, ஒடுங்கி ஈட்டி வடிவில் இருக்கும். சுரப்பி இதிலும் ஒன்றுதான், ஆனால் அடியிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே தள்ளி, குமிழாக இல்லாமல் நிமிர்ந்திருக்கும். முற்றிய காய் உப்பி உருண்டு வரும். இளங்காய் தட்டையாக இருப்பதால் அதை வைத்து ஆக்சிடென்டாலிஸ் என்று முடிவுகட்டுவது சாதாரணமாக நடக்கும் பிழை, முற்றிய காய் கிடைக்கும்வரை பொறுங்கள். செடி முழுவதும் வெண்மயிர் அடர்ந்து, காயும் நீண்டு மயிரோடு இருந்தால் அது சென்னா ஹிர்சுட்டா. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரங்களில் சாலையோரமாகவே பார்க்கலாம்.

இதில் கவனமாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் விதை. ஆக்சிடென்டாலிஸ் விதையை வறுத்துக் காப்பிக்கு மாற்றாகக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் காயை உரித்து விதையைத் தின்ற குழந்தைகளுக்குக் கல்லீரல், தசை, மூளை மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தை ஒட்டி வந்த மர்மக் காய்ச்சல் என்று முதலில் நினைத்தது இந்தச் செடியின் நஞ்சுதான் என்று 2007-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 2016-இல் ஒடிசாவின் மால்கான்கிரியில் குழந்தைகள் இறந்தபோதும் நிபுணர் குழு இதே செடியைச் சுட்டிக்காட்டியது. வீட்டைச் சுற்றியோ பள்ளி வளாகத்திலோ குழந்தைகள் விளையாடும் இடத்தில் இது நின்றால், காய் முற்றும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள். காய் முற்றிய பிறகு பிடுங்கினால் விதை அங்கேயே சிந்தி, அடுத்த மழைக்குப் பத்து மடங்காக முளைக்கும்.

தகரை ஒரு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாத செடி. மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, கோடைக்குள் காய்ந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் செம்மண் தரிசில் பச்சையாகப் பூத்து நிற்பது தகரையாக இருக்க வாய்ப்பில்லை, அங்கே ஆவாரையைத் தேடலாம். தகரையின் சிற்றிலை மூன்று ஜோடி, அடி ஒடுங்கி நுனி அகன்று வட்டமாக இருக்கும். பூ சிறிது, வெளிர்மஞ்சள், கக்கத்தில் பெரும்பாலும் இரண்டாக வரும். காய் மெலிந்து நீண்டு வளைந்து, ஏறக்குறைய நாற்பட்டையாக இருக்கும்.

தகரை என்று நாம் சொல்வதிலேயே இரண்டு இனம் கலந்திருக்கிறது. ஒன்று சென்னா டோரா, மற்றது அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய சென்னா ஆப்டுசிஃபோலியா. டோராவில் கீழ் இரண்டு ஜோடிக்கும் நடுவே ஒவ்வொரு சுரப்பி, மொத்தம் இரண்டு. ஆப்டுசிஃபோலியாவில் அடி ஜோடிக்கு நடுவே ஒன்று மட்டும். பூக்காம்பு டோராவில் குட்டை, பூவில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. மற்றதில் நீளம். விதையை லென்ஸில் பார்த்தால் சந்தேகம் தீரும். இரண்டிலும் விதையின் பக்கவாட்டில் வெளிர் நிறப் பட்டை ஒன்று ஓடும். டோராவில் அது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலம், ஆப்டுசிஃபோலியாவில் அரை மில்லிமீட்டருக்குள் ஒரு கோடாக இருக்கும். உடம்பெல்லாம் பழுப்பு மயிர் அடர்ந்து, ஐந்து சென்டிமீட்டருக்குள் குட்டைக் காய்கள் கக்கத்தில் நெருங்கி நிற்கும் தகரைச் சாயல் செடி சென்னா யூனிஃப்ளோரா, அதுவும் வெளியிலிருந்து வந்ததே.

தகரை இளந்தளிரைக் கீரையாகச் சமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்சிடென்டாலிஸ் நாற்றின் முதல் இலைகளிலும் இரண்டு மூன்று ஜோடிதான் இருக்கும், இரண்டும் ஒரே மழைக்கு ஒரே இடத்தில் முளைக்கும், இரண்டும் கசக்கினால் நாறும். அதனால் ஜோடியை எண்ணிப் பயனில்லை, நாற்றமும் உதவாது. நுனி வட்டமா கூரா என்று பாருங்கள், சுரப்பி சிற்றிலைகளுக்கு நடுவே இருக்கிறதா காம்படியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பறியுங்கள்.

நிலாவாரைக்கு வருவோம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் சென்னா அலெக்சாண்ட்ரினா இது. இலை நீலம் கலந்த சாம்பல் பச்சை. சிற்றிலை ஐந்து முதல் எட்டு ஜோடி, ஈட்டி வடிவம், அடிப்பகுதி இருபுறமும் சமமாக இருக்காது. சுரப்பி அறவே இல்லை. காய் தட்டையாக, அகலமாக, குட்டையாக இருக்கும், நீளம் ஏழு சென்டிமீட்டரைப் பெரும்பாலும் தாண்டாது. மணற்பாங்கான இடங்களில் தரையோடு படர்ந்து, வட்ட நுனிச் சிற்றிலையோடு, நன்றாக வளைந்த தட்டைக் காய் காய்ப்பது சென்னா இட்டாலிகா. அதையும் நிலாவாரை என்பார்கள். இரண்டின் இலையும் பேதி மருந்து. ஆவாரை இலை என்று நினைத்து இதைக் கஷாயம் வைத்தால் வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

வியாபாரத்தில் இந்த நிலாவாரைக்கே அவுரி என்ற பெயரும் புழங்குகிறது, தலைச்சாயத்துக்கான நீலி அவுரியும் அதே பெயரில் கிடைக்கிறது. செடியாக இருந்தால் சுலபம்: சாய அவுரிக்கு நுனியில் ஒற்றைச் சிற்றிலை உண்டு, பூ இளஞ்சிவப்பாக அவரைப்பூ வடிவில் இருக்கும். பொடியாக வாங்கினால் கண்ணால் பிரிக்க வழியில்லை, பொட்டலத்தில் தாவரவியல் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மற்றவை எளிது. சீமை அகத்தியின் இலை அரை மீட்டர் வரை போகும், பூங்கொத்து ஆரஞ்சு நிறப் பூவடிச் செதிலோடு நட்டமாக நிற்கும், காயில் நான்கு சிறகு இருக்கும். மஞ்சள் கொன்றை எனப்படும் சென்னா சயாமியா சாலையோர மரம். வெட்டிவிட்ட அடிக்கட்டையில் துளிர்க்கும்போது மட்டும் புதர்போலத் தோன்றும். காய் கால் மீட்டர் நீளம் வரும், சுரப்பி இல்லை. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அகற்றிவரும் அந்நிய மரத்தையும் செய்திகளில் மஞ்சள் கொன்றை என்றே எழுதுகிறார்கள், அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அதன் காய் உருளையானது.

நகரத்தில் இருப்பவர்களை உண்மையில் ஏமாற்றுவது பூங்காக்களில் நடும் சென்னா சுராட்டென்சிஸ். பூவும் ஓரளவு பெரிது, காயும் ஆவாரங்காய்போலவே தட்டை, ஜோடிகளுக்கு நடுவே சுரப்பியும் உண்டு. ஆனால் அந்தச் சுரப்பி கீழ் இரண்டு மூன்று ஜோடியோடு நின்றுவிடும். சிற்றிலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். பத்து மகரந்தத்தாள்களும் வளமானவை, மலட்டுத் தாள் இல்லை. காதுமடல் செதிலும் இல்லை. இந்த நான்கில் எந்த இரண்டைச் சரிபார்த்தாலும் போதும்.

படம் எடுத்து யாரிடமாவது கேட்க நினைத்தால், விரிந்த பூவை மட்டும் நெருக்கத்தில் எடுத்து அனுப்பாதீர்கள். அதை வைத்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு முழு இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், காம்பு கொப்பில் ஒட்டும் இடம், முதல் இரண்டு ஜோடிச் சிற்றிலைகளின் நடுப்பகுதி, பூ முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும், முற்றிய காயும் பிளந்த காயில் விதையும், கடைசியாகச் செடி முழுவதும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். பகலில் எடுங்கள், மாலையில் சிற்றிலைகள் மடிந்துவிட்டால் வடிவம் தெரியாது. கிளையை வைத்துப் பாடம் பண்ணுவதானால் காம்பின் அடி சேதப்படாமல் கொப்போடு வெட்டி, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி, முதல் மூன்று நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் சிற்றிலைகள் எல்லாம் கழன்றுவிடும்.

காய்ந்த பூவைக் கடையில் வாங்குபவர்கள் உதிரி இதழாகவோ பொடியாகவோ வாங்காமல், புல்லியோடும் மொட்டோடும் முழுப்பூவாக இருப்பதைக் கேளுங்கள். ஒரு கைப்பிடியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் பூ விரிந்துகொடுக்கும். இதழோரச் சுருக்கம், பெரிய மூன்று தாள், சிறுத்த மூன்று தாள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இலைத்துணுக்கு கலந்திருந்தால் அதையும் ஊறவைத்து நுனியைப் பாருங்கள். கூர் நுனியும் நீண்ட இலையும் தெரிந்தால், அல்லது மெலிந்த பச்சைக் காய் ஒன்று கிடைத்தால், அந்தப் பொட்டலத்தைப் பயன்படுத்த வேண்டாம்.